யார் வரவில்லை?

கோத்தகிரி
கார்த்திகை மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஊர் மக்கள் மொத்தத்தின் ஆரோக்கியத்தைப் படிக்கும் சமூக மருத்துவம் என்ற பாடம் அவளுக்கு வெறும் மனப்பாடமாகத் தெரிகிறது, தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்டினால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன் என்று கேட்டிருந்தாய். உன் வார்டைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். கட்டிலில் படுத்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான் மருத்துவம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்தப் பாடத்தை ஒதுக்கிவிட்டு அவள் டாக்டராகக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடம் கொடு.

முதலில் ஊர்ச் செய்தி. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்ற பேச்சு ஒவ்வொரு ஹட்டியிலும் (படுகர் ஊரிலும்) அப்படியேதான் இருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஏற்றத்தில் நடக்கச் சிரமப்படுகிறாள். பெரியவன் கோயம்புத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

போன புதன்கிழமை, தடுப்பூசி நாளன்று, இங்கே ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்தார். அத்தோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, வராத குழந்தைகளின் பெயர்களைச் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுழித்தார். சுழித்த பெயர்களில் பெரும்பாலானவை ஒரே குறும்பர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவை. "காப்பிப் பழம் பறிக்கக் கீழே போயிருக்கிறார்கள் சார், குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே போனால்தான் பிடிக்க முடியும்" என்றார். பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து பனிக்கட்டி உறைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்து அதன் மேல் ஒட்டியிருந்த அடையாளத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. "தோட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை இது வெளுப்பாகவே இருக்க வேண்டும்" என்றார்.

உன் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது முழுவதும் அந்தச் சிவப்புச் சுழியில் இருக்கிறது. நீ வார்டில் எண்ணுவது உன்னிடம் வந்தவர்களை. அவர் எண்ணியது வராதவர்களை. ஒரு நோய் ஒரு ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல, பின்னத்தில் கோட்டுக்கு மேலே எழுத நோயாளிகளின் எண்ணிக்கை வேண்டும். கோட்டுக்குக் கீழே எழுத அந்த ஊர் மக்களின் எண்ணிக்கை வேண்டும். கீழே இருக்கும் எண்ணை எந்த மருத்துவமனையும் தராது. ஊருக்குள் போய்த்தான் அதைச் சேகரிக்க வேண்டும்.

இங்கே மே மாதம் வந்தால் சாலை விபத்தில் அடிபட்டு வருபவர்கள் கூடுகிறார்கள். நம் ஆட்கள் கவனமில்லாமல் ஓட்டத் தொடங்கிவிட்டார்களா? 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. சீசனில் மலை ஏறிவரும் சுற்றுலாப் பயணிகள் இந்த எண்ணுக்குள் இல்லை. மேல் எண்ணில் அவர்களைச் சேர்த்து, கீழ் எண்ணில் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் வரும் விடை பொய். இப்படிப் போடப்பட்ட கணக்குகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சராசரியும் ஏமாற்றும். தட்டம்மையை எடுத்துக்கொள். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அதனால்தான் 95 சதவீதம் பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்கிறோம். ஒரு மாவட்டம் 95 சதவீதத்தை எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விடுபட்ட ஐந்து சதவீதம் மாவட்டம் முழுவதும் சிதறிக் கிடந்தால் நோய் பரவ வழி கிடைக்காது. அந்த ஐந்து சதவீதமும் ஒரே பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்துக் குடிசைகளில் இருந்தால், மாவட்ட அறிக்கையில் 95 என்ற எண் அழகாக இருக்கும்போதே அங்கே குழந்தைகள் சாவார்கள். செவிலியர் ஞாயிற்றுக்கிழமை காப்பித் தோட்டத்துக்குப் போவது இதற்காகத்தான்.

விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே மாதிரியானவர்களாக இருப்பதும் தற்செயல் இல்லை. வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இல் இதை எழுதினார்: மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. இங்கே அதற்கு விளக்கமே தேவையில்லை. மருத்துவமனைக்கு வர ஒரு நாள் கூலி போகும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடக்கும் வழியில் யானை நிற்கும். இத்தனையையும் தாண்டி வந்தவரிடம் "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்?" என்று கேட்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. உன் மகள் ஒருபோதும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

தனி மனிதரைக் காப்பதும் ஊரைக் காப்பதும் வேறு வேறு வேலைகள் என்று அவளுக்குப் புரியவைக்க வெறிநாய்க்கடி போதும். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய அனைவருமே இறந்துபோகும் நோய் இது. கடிபட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசியையும், தோல் கிழிந்து ரத்தம் கசிந்த காயமென்றால் எதிர்ப்புப் புரதத்தையும் போட்டுவிட்டால் அவர் பிழைப்பார். ஆனால் நாளை அடுத்தவரைக் கடிக்கப்போகும் நாய் தெருவில்தான் திரிகிறது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நாய்க்கு நாய் பரவும் சங்கிலியே அறுந்துவிடும். மனிதருக்குப் போடும் ஊசியின் பலன் அந்த ஒருவரோடு நின்றுவிடும். நாய்க்குப் போடும் ஊசி, பெயர் தெரியாத பலரைக் காக்கும். அவர்களில் யாரும் வந்து நன்றி சொல்லப்போவதில்லை. ஆனாலும் இரண்டில் எதையும் விட முடியாது.

இனி இந்த மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, நாம் சேர்ந்து போயிருக்கிறோம். அந்தச் சிகூர் மலைப்பாதைக்குத்தான் 1897 கோடையில் ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் வந்தார். விடுப்பில் ஊட்டியில் தங்கியிருந்தவர், மலேரியாவைத் தேடிக் கீழே இறங்கினார். அவருக்கே மலேரியா கண்டது. சிறகில் புள்ளி போட்ட கொசு ஒன்றையும் அங்கே பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த ஆண்டே ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், அதே வகைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் பண்பு, அதாவது ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய மரபணு, இருப்பதை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், அலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டினார். இவற்றைச் சேர்த்துப் பார். அடிவாரக் காட்டில் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்த மக்களைக் காத்த மரபணு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்துசேரும்போது நோயாகிறது. ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து, குழாயை அடைத்து, எலும்பெல்லாம் வலிக்கச் செய்கிறது. வார்டில் அந்தப் பிள்ளை ஒரு தனி நோயாளி. ஆனால் அந்த நோயின் காரணம் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

2023 ஜூலை 1 முதல் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் இதற்கு ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது. 2047க்குள் ஒழிப்பது இலக்கு. ரத்தம் பரிசோதித்து முடிவை அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். பந்தலூர்ப் பக்கம் ஒரு பணியர் பழங்குடி வீட்டில் அப்படி ஓர் அட்டையைப் பார்த்தேன். அம்மா அதை ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். மகள் ஒற்றை மரபணு சுமப்பவள், நல்ல ஆரோக்கியம். "எனக்கு நோய் இல்லை என்கிறீர்கள், பிறகு அட்டை எதற்கு?" என்று என்னைக் கேட்டாள். சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர என்று விளக்கினேன். அவள் அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்டாள்: "இதைக் காட்டினால் என்னைக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்?" அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் அட்டையை மட்டும் கையில் கொடுப்பது தீங்கு என்பது என் கருத்து. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிச் சமூகத்துப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்திருக்கிறார்கள். அந்தப் பேச்சைப் பேச அவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடையாது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை, நிமோனியாத் தடுப்பூசி, ஃபோலிக் அமிலம் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தால் இந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாவார்கள். அப்போது ஊரில் நோயாளிகளின் மொத்த எண்ணிக்கை கூடும். பிள்ளைகள் சாகவில்லை என்பதால் கூடிய எண் அது. புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது, இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற இரண்டையும் தனித்தனியே கேட்கத் தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்துத் திட்டம் தோற்றது என்பார்.

பரிசோதனை முகாம் என்றதும் கூட்டம் சேர்கிறது, படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. உன் மகளைக் காகிதமும் பேனாவும் எடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய். உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை. நோயுள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் நிற்பார்கள். உண்மையில் நோயுள்ளவர் பன்னிரண்டில் ஒருவர். அடுத்த சோதனை எங்கே, அதற்கு யார் பஸ் கட்டணம் கொடுப்பது, சிகிச்சை கிடைக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் முகாம் போடக் கூடாது.

ரத்தக் கொதிப்புக்கு வேறு பாடம் இருக்கிறது. பக்கவாதம் வருபவர்களில் பெரும்பாலானோர் மிக அதிக அழுத்தம் உள்ளவர்களாக இருப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்களின் கூட்டம் மிகப் பெரியது என்பதால் அங்கிருந்துதான் நிறையப் பேர் வருகிறார்கள். ஆங்கிலேய மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் இதைத் தெளிவாக்கினார். எல்லோர் தட்டிலும் உப்பு கொஞ்சம் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பலன் சிறிதுதான், ஊருக்குக் கிடைப்பது மிகப் பெரிது. வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை, 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்தே நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மாத்திரையோடு பேக்கரிக் கடையும் ஊறுகாய் பாக்கெட்டும் நம் கவனத்துக்குள் வர வேண்டும்.

தடுப்பின் நிலைகள், ஆய்வு வகைகள், மற்றவை எல்லாம் பாடநூலில் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றை அவளே படித்துக்கொள்வாள்.

விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பு. காப்பிப் பறிப்பு பிப்ரவரி வரை நடக்கும். செவிலியரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்வரட்டும், நான் பேசி வைக்கிறேன். பொங்கலுக்கு முன் உறைபனி கடுமையாக இருக்கும், கம்பளியும் நல்ல செருப்பும் கொண்டுவரச் சொல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ் அடிக்கடி இருக்கிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

என்றும் உன்
நண்பன்