கவனக்குறைவு என்று எழுதப்படும் குற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் குழந்தைகளிடம் காணப்படும் ஏடிஎச்டி (கவனத்தை ஒன்றில் நிறுத்தி வைக்க முடியாத, சிலரிடம் மிகையான துறுதுறுப்பாகவும் வெளிப்படும் நிலை) பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மிகவும் பயன்படும் கட்டுரை அது. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்து, தேர்வு எழுதி, வேலைக்கும் போன பிறகு என்ன ஆகிறார்கள் என்பதை அது தொடவில்லை. நான் அப்படி வளர்ந்தவள். மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு அலுவலகத்தில் 19 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், இப்போது உதவியாளர். படிப்பதும் எழுதுவதுமே முழு வேலையாக உள்ள ஓர் இருக்கையில், அந்த இரண்டும் கடினமாக உள்ள ஒருத்தி எப்படி வேலை பார்க்கிறாள் என்பதையும், அலுவலகங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(அ)-இன் கீழ் எனக்கு ஒரு குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் தாள், வந்தது. பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கான கருத்துருவை நான்தான் தயாரித்தேன். இறந்த தேதி 17 என்பதை ஓரிடத்தில் 11 என்று எழுதிவிட்டேன். இணைப்பில் இருந்த இறப்புச் சான்றிதழோடு அது பொருந்தாததால் மேல் அலுவலகத்திலிருந்து கருத்துரு திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்குப் பணம் கிடைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. இடையில் இரண்டு முறை மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் வந்து, என் மேசைக்கு எதிரே நின்று, "ஏதாச்சும் தகவல் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். தவறு என்னுடையது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகவே குறிப்பாணை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதில் இருந்த வாசகம்தான் இன்றும் உறுத்துகிறது: "பணியில் கவனக்குறைவாகவும் அலட்சியமாகவும் செயல்பட்டமைக்காக." அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்த வாசகம் தெரியும், இரண்டு சொற்களும் இரட்டை மாடுகளைப் போல எப்போதும் சேர்ந்தே வரும். கவனக்குறைவு என்பதை என் விளக்கத்தில் ஒப்புக்கொண்டேன். அலட்சியம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கருத்துருவை அனுப்புவதற்கு முன் நான்கு முறை படித்தேன், நான்கு முறையும் அந்த 11 என் கண்ணுக்கு 17 ஆகவே தெரிந்தது என்பதை எப்படி எழுதுவது, எழுதினாலும் யார் நம்புவார்கள் என்று தெரியாமல் ஒரு வரி மன்னிப்போடு முடித்துக்கொண்டேன். ஆறு மாதம் ஊதிய உயர்வு தள்ளிவைக்கப்பட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 42ஆம் வயதில், தூக்கமின்மைக்காக மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு எனப் பிற காரணங்களை ஒவ்வொன்றாக அவர் பார்த்து விலக்கினார். பிறகு என் பள்ளிக்கால மதிப்பெண் அட்டைகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். நாற்பது வயதுக்காரியிடம் ஐந்தாம் வகுப்பு அட்டையை ஏன் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை. அவர் சந்தேகித்தது ஏடிஎச்டி; பெரியவர்களுக்கு அதை உறுதிசெய்ய வேண்டுமானால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் அந்த வயது வரம்பு ஏழிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அம்மா ஒரு தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அட்டைகளில், மூன்று வேறு ஆசிரியர்களின் கையெழுத்தில், "நன்றாகப் படிக்கக்கூடியவள், கவனம் போதாது" என்ற பொருளில் ஆண்டுதோறும் ஒரு வரி இருந்தது. ஓடி ஆடி வகுப்பைக் கலைக்கும் பிள்ளையைத்தான் ஆசிரியர்கள் கவனிப்பார்கள். சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை யாருக்கும் தொல்லை தருவதில்லை. அதனால் எங்களைப் போன்ற பெண்கள் பலருக்கு இது நடுவயதில்தான் தெரியவருகிறது.

மருத்துவமனையில் தந்த தமிழ்த் துண்டறிக்கையில் இதன் பெயர் முதல் வரியிலேயே இருந்தது: கவனக்குறைவு. குறிப்பாணையில் குற்றமாக இருந்த அதே சொல். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அந்தப் பெயரும் முழுப் பொருத்தமானது அன்று. கவனம் எங்களிடம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் வரை நிறுத்தி வைப்பதுதான் இயலாமல் போகிறது. மூளையில் டோபமைன், நாரட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் செயல்பாட்டோடு தொடர்புடைய இந்நிலை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. படித்ததைச் சில நொடிகள் மனத்தில் ஏந்திக்கொண்டு அடுத்ததோடு பொருத்திப் பார்க்கும் திறனை, அதாவது செயல்படு நினைவாற்றலை, அது பலவீனப்படுத்துகிறது. அரசாணை ஒன்றைப் படிக்கும்போது இது எப்படி வெளிப்படுகிறது என்று சொன்னால் எளிதில் விளங்கும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "மேற்படி சூழ்நிலையைக் கருத்திற்கொண்டும்" என்று தொடங்கி, நான்கு "உம்"களும் மூன்று "எனவும்"களும் கடந்து, முக்கால் பக்கம் ஓடும் வாக்கியத்தில், கோரிக்கை ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதைக் கடைசிச் சொல்தான் தெரிவிக்கும். அதுவரை முன்னால் வந்த அத்தனையையும் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். என் கையில் அவ்வளவு நிற்பதில்லை. கண் வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தின் அடிக்கு வந்த பிறகு, என்ன படித்தேன் என்று கேட்டால் பதில் இருக்காது. மறுபடி மேலே போவேன். பக்கத்து இருக்கையில் தொலைபேசி அடித்தால் மூன்றாம் முறை.

எழுதுவது அதைவிடக் கடினம். ஒரு வரைவுக் கடிதத்துக்குப் பொருள், பார்வை, முன் நிகழ்வுகள், விதி, முடிவு என்று வரிசை உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும். வாயால் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவேன். கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வாசலில் முட்டிக்கொள்ளும், ஒன்றும் உள்ளே நுழையாது. அரை மணி கழித்துப் பார்த்தால் "பார்வை" என்ற சொல்லுக்குக் கீழே ஒன்று என்ற எண் மட்டும் இருக்கும். தாமதத்துக்கு அதுதான் காரணம். வேலையை வெறுத்து நான் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

மருந்து உண்டு. மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்செட்டின் ஆகிய இரண்டும் நம் நாட்டில் தரப்படுகின்றன; முன்னது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது. எனக்கு மருந்தால் நல்ல பலன் தெரிகிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக வேலை செய்து பழகிய முறையை அது தானாக மாற்றிவிடுவதில்லை. அதை நான்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

நீண்ட ஆணைகளின் கடைசிப் பத்தியை, அதிலும் கடைசி வரியை, முதலில் படிக்கிறேன். முடிவு தெரிந்துவிட்டால் காரணங்களைப் பின்னோக்கித் தேடிப் படிப்பது எளிதாகிறது. வரைவையும் அப்படியே அடியிலிருந்து எழுதுகிறேன்: என்ன கேட்கிறோம் அல்லது என்ன ஆணையிடுகிறோம் என்ற ஒரு வரியை முதலில் தட்டச்சு செய்துவிட்டு மேலே ஏறுகிறேன். படிக்கும் வரிக்குக் கீழே ஒரு கறுப்பு அட்டையை வைத்து மற்ற வரிகளை மறைத்துக்கொள்கிறேன். மதிய இடைவேளையில் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்று, பெயர்களையும் எண்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தைக் கைபேசியின் தமிழ்க் குரல்வழித் தட்டச்சில் சொல்லி வைத்துக்கொள்கிறேன். அதைத் திருத்தி எழுத எனக்கு இருபது நிமிடம் போதும். என்னிடம் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் வரிசைப்படி பதிவது போக, இன்று முடிக்க வேண்டிய மூன்றே கோப்புகளின் எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினியின் விளிம்பில் ஒட்டுகிறேன். நான்காவதை எழுதினால் மூன்றும் கெடும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது ஒரு பழைய வழக்கம். நான் பணியில் சேர்ந்தபோது, தட்டச்சான கடிதத்தை ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் மூலத்தோடு சரிபார்க்கும் ஒப்புநோக்கும் முறை எங்கள் பிரிவில் இன்னும் இருந்தது. எழுதியவர் ஒருவர், தட்டச்சு செய்தவர் ஒருவர், ஒப்பிட்டவர் இருவர் என்று நான்கு பேரின் கண்ணும் காதும் பட்ட பிறகே ஒரு தாள் வெளியே போகும். கணினி வந்ததும் நான்கும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. இதனால் வேகம் கூடியது உண்மை. பிழையைப் பிடிக்கும் வலை அறுந்துபோனதும் உண்மை. என் நிலையை நான் முதன்முதலாகச் சொன்னது எங்கள் பிரிவின் இளநிலை உதவியாளரிடம். அந்தப் பெண் அதிகம் கேட்கவில்லை. "நீங்க மூலத்தப் பாருங்கக்கா, நான் படிக்கிறேன்" என்றாள். இரண்டு ஆண்டுகளாக, தேதியோ தொகையோ உள்ள எல்லாக் கடிதங்களையும் அனுப்புவதற்கு முன் இருவரும் மாறி மாறி வாசித்து ஒப்பிடுகிறோம். ஒரு கடிதத்துக்கு நான்கு அல்லது ஐந்து நிமிடம் ஆகிறது. இந்த இரண்டு ஆண்டுகளில் என் இருக்கையிலிருந்து போன எந்தக் கருத்துருவும் எண் பிழைக்காகத் திரும்பி வரவில்லை. அவளுடைய பிழைகள் சிலவற்றையும் நான் பிடித்திருக்கிறேன்.

உயர் அலுவலர்கள் தங்கள் கடிதங்களைச் சொல்லச் சொல்ல எழுத சுருக்கெழுத்துத் தட்டச்சர் இருக்கிறார். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. அது வேலை நடக்கும் முறை. அதே உதவியைக் கைபேசியும் பக்கத்து இருக்கைத் தோழியும் எனக்குத் தரும்போது மட்டும் அது ஏன் ஒளித்துச் செய்ய வேண்டிய காரியமாகிறது என்று கேட்க விரும்புகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் ஆகியவை அதில் உள்ளன. ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு என்ற சான்று வேண்டும். நான் இட ஒதுக்கீடு கேட்கவில்லை. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தருவது அரசு நிறுவனங்களின் கடமை என்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள தேர்வர் ஒருவரின் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வசதிகளைப் பெற 40 விழுக்காட்டுச் சான்று தேவையில்லை என்று தெளிவாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரின் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ள ஊழியர் மீது அதைக் கணக்கில் கொள்ளாமல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்றும் கூறியது. இவற்றின் அடிப்படையில், ஏடிஎச்டி உள்ள ஊழியர்களுக்கும் இந்த வசதிகள் பொருந்தும் என்று தமிழக அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும்; அலுவலகத் தலைவர்கள் தயங்காமல் செய்வார்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குப் பழக்கம்: "மறதி யாருக்குத்தான் இல்லை, இப்படிச் சொல்லியே எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள்." உலக அளவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்நிலை இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள், மருத்துவர் அதை எளிதில் எழுதித் தந்துவிடுவதும் இல்லை. மேலும், நான் கேட்பது வேலைக் குறைப்பு அன்று. என் தாளை இன்னொருவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்; தப்பிக்க நினைப்பவர் அதைக் கேட்க மாட்டார்.

பிரிவுகளில் ஒப்புநோக்கும் முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும், குறைந்தது பணமும் தேதியும் உள்ள தாள்களுக்காவது. வாய்மொழியாகச் சொல்லும் பணியை ஒரு வரியில் எழுதியும் தர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திகளுக்கு நடுவே போடுவது எழுதித் தந்ததாகாது. அலுவலகக் கணினிகளில் தமிழ்க் குரல்வழித் தட்டச்சும், எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும் வசதியும் இருந்தால் எனக்கு மட்டுமல்ல, பார்வை மங்கிவரும் மூத்த ஊழியர்களுக்கும் உதவும். பவானிசாகரில் புதிய ஊழியர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் இதற்காக ஒரு வகுப்பு ஒதுக்கலாம். எழுத்துப் பிழைக்காகவும் தாமதத்துக்காகவும் ஒரே ஊழியர் மீது மறுபடி மறுபடி குறிப்பாணை போட நேரும்போது, அடுத்ததைப் போடுவதற்கு முன் கண்காணிப்பாளர் அவரை உட்காரவைத்து, எந்த இடத்தில் சிக்குகிறது என்று ஒருமுறை கேட்கலாம். என்னை அப்படி யாராவது பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், அந்த அம்மா இரண்டு முறை பேருந்து ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

என்னைப் போலவே திணறும் வாசகர் எவரேனும் இதைப் படித்தால், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்; 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பழைய பள்ளி அட்டைகள் வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை ஒன்பது நாட்களாக எழுதினேன். தேதிகளையும் எண்களையும் என் தோழி வாசிக்க நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அரசு அலுவலக உதவியாளர் ஒருவர்
(என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)