கீழ் பஞ்சமம் போச்சு, பாட்டு இருக்கு

திருநங்கையான எனக்கு குரல் சுருதிய ஏத்துற ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம் ஆச்சு, போன வாரம்தான் ஒரு பாட்ட பல்லவியிலருந்து கடைசி சரணம் வரைக்கும் தொண்டை கட்டாம பாடினேன், அதான் இந்த லெட்டர்.

மொதல்ல டாக்டரம்மாவுக்கு. பெண் ஹார்மோன் எவ்ளோ எடுத்தாலும் பருவ வயசுல உடைஞ்ச குரல் திரும்பாதுன்னு எனக்கு தெரியும், ஆனா ஆபரேஷன் பண்ணா குயிலாட்டம் ஆயிடும்னு வேற ஒரு எடத்துல ஆசை காட்டி அனுப்பிருந்தாங்க. நீங்கதான் எடுத்த எடுப்புலயே "பாடுவீங்களா?"ன்னு கேட்டீங்க. ஆமான்னதும் பேப்பர்ல ரெண்டு கோடு இழுத்து, குரல் நாண் ரெண்டையும் முன்பக்கம் சேத்து தைப்போம், அதிர்ற நீளம் கொறையும், சுருதி ஏறும், ஆனா கீழ் சுரம் போயிடும், மேல புதுசா எதுவும் வரும்னு நம்பாதீங்க, சத்தமும் கொறையும்னு புட்டு புட்டு வச்சீங்க. குருத்தெலும்ப இழுத்து கட்ற இன்னொரு வகை பாடுறவங்களுக்கு சரிவராது, சுருதிய ஏத்தி எறக்குற தசையே அதுல மாட்டிக்கும்னும் சொன்னீங்க. அன்னைக்கு கோவமா வந்துச்சு, இப்போ கையெடுத்து கும்பிடுறேன்.

அக்கா, நான் வாயே தொறக்காம இருந்த அந்த ரெண்டு வாரம் நான் எழுதி காட்டுனத படிச்சு என் சார்பா போன்ல சண்டையெல்லாம் போட்டீங்களே (நான் எழுதாததையும் சேத்து திட்டினீங்க, பாத்துட்டுதான் இருந்தேன்). நான் இருமினா தையல் பிரிஞ்சுருமோன்னு என்னவிட நீங்கதான் பதறினீங்க.

ஸ்பீச் தெரபி மேடம், மூணு மாசம் தகரத்த தேய்ச்ச மாதிரி ஒரு குரல், அழுதுட்டே வருவேன், நீங்க தண்ணி கிளாஸையும் ஸ்ட்ராவையும் நீட்டி, தண்ணிக்குள்ள ஊதிட்டே குரல் குடுக்க சொல்லுவீங்க. "குரல் எப்படி இருக்குங்குறத விடு, குமிழி ஒரே சீரா வருதான்னு மட்டும் பாரு." ஆபரேஷன் சுருதியத்தான் மாத்தும், குரலோட நெறம் நாக்கு, வாய், தொண்டைய வச்சிருக்குற விதத்துல இருக்குன்னு எனக்கு புரிய வச்சது நீங்கதான்.

பாட்டு டீச்சர், நான் பழைய 1 கட்டை சுருதியிலயே பாடுவேன்னு அடம்பிடிச்சேன். நீங்க ஒரு வார்த்தை பேசல, சுருதிப்பெட்டிய இன்னும் ஒசந்த 3 கட்டைக்கு மாத்தி வச்சுட்டு கண்ண மூடிக்கிட்டீங்க. மேல் பஞ்சமம், அந்த மேல் ஸ்தாயி 'ப', இப்போ எட்டல, அதுக்கு கீழ இருக்குற காந்தாரத்தோட, 'க'வோட, நிறுத்திக்கிறேன். கீழ் பஞ்சமம் வர்ற எடத்துல நான் மூச்சு வாங்கிக்கிறேன், நீங்க பாடி மேல கொண்டாந்து விடுறீங்க, அங்கருந்து நான் சேந்துக்கிறேன். அடுத்த கிளாஸ்லயும் அப்படியே வச்சுக்கலாமா டீச்சர்?