வாங்கில் இருக்கும் எங்களையும் ஒருக்கால் உள்ளே கூப்பிடுங்கள்

கொழும்பில் பிரஷர் கிளினிக்கும் இதய கிளினிக்கும் நடத்தும் டொக்டர்மாருக்கு,

கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் வந்து, கதவுக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்கும் மனைவிமாரில் நானும் ஒருத்தி. நாலு வருடமாகக் குந்தியிருக்கிறேன். உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வருவார், கையில் ஒரு குளிசை கூடியிருக்கும். "உப்பைக் குறைக்கட்டாம்" என்பார். குறைத்துக் குறைத்து எங்கள் வீட்டுப் பருப்பில் இப்போது மஞ்சள் மட்டும்தான் மிச்சம். மூன்று வகைக் குளிசை, அதில் ஒன்று சலம் போகிற குளிசை, அப்படியும் பிரஷர் 160-இல் இருந்து இறங்கவில்லை.

இரவில் குறட்டை விடுவீர்களா என்று அந்த நாலு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவள் நான். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாடி வீடு. கடைசி ரயில் போன பிறகு இவர் தொடங்குவார். சத்தம்கூடப் பரவாயில்லை, அது திடீரென்று நிற்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. ஃபோனை எடுத்து எண்ணுவேன், 15 செக்கன், 20, ஒரு நாள் 41. பிறகு தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த ஆள் மேலே வந்த மாதிரி ஒரு இழுப்பு, ஒரு புரளல், மறுபடி குறட்டை. விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. புறக்கோட்டையில் 100 பஸ்ஸில் ஏறி, இருந்தபடியே தூங்கி, கல்கிசையில் கண்டக்டர் தட்டி எழுப்பிய நாட்களும் உண்டு. வயசாகுது என்று சிரித்துவிட்டு விட்டோம்.

கடைசியில் கேட்டது இதய டொக்டர் இல்லை. ஹேர்னியா ஒபரேஷனுக்கு முதல்நாள் மயக்க மருந்து கொடுக்க வந்த ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை. நல்ல காலம், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுவதாக வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையாம். இத்தனைக்கும் இவர் மெல்லிய ஆள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தாடை அமைப்பாலேயே உடம்பு வைக்காமலும் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இந்த வருத்தம், வரலாம்.

உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை, வாங்கில் இருக்கும் மற்றப் பெண்களுக்காகச் சொல்கிறேன். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிவிடும், இரத்தத்தில் ஒட்சிசன் விழும், மூளை பதறி உசுப்பும், அட்ரினலின் பாய்ந்து பிரஷர் ஏறும், மூடின தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கிற இழுவையில் இதயமும் சேர்ந்து இழுபடும். இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காது. பிரஷர், இதய வருத்தம், பாரிசவாதம் உள்ளவர்களில் 40 முதல் 80 வீதமானவர்களுக்கு இது இருப்பதாகவும், இதய மருத்துவத்தில் பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படுவதாகவும் அமெரிக்க இதயச் சங்கமே 2021-இல் எழுதியிருக்கிறது.

இதற்கு இவர் இப்போது இரவில் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபாப் மெஷின் போடுகிறார். மெஷின் போட்டால் மாரடைப்பு வராது என்று சொல்லவில்லை. 2016-இல் வந்த ஆய்வு ஒன்றில், 2,700-க்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தும், மெஷின் போட்டவர்களுக்கு மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. ஆனால் அவர்கள் இரவுக்குச் சராசரி மூன்றரை மணித்தியாலம்கூட அதைப் போடவில்லை. பாதி ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி எறிகிற ஆளோடு வாழ்கிற எனக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை. இவருக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பஸ்ஸில் தூங்குவதில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை கேட்டது 2008-இல் கனடாவில் மயக்க மருந்து டொக்டர்மார் ஸ்லீப் அப்னியா இருக்குமா என்று பார்க்க உருவாக்கிய ஸ்டொப்-பாங் என்ற எட்டுக் கேள்வி. கழுத்தை அளக்க ஒரு நாடா போதும், வேறு செலவில்லை. அதில் ஒன்று, தூக்கத்தில் நீங்கள் மூச்சை நிறுத்துவதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது. அதை இவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்? அந்த "யாராவது" கதவுக்கு வெளியே கொப்பியோடு இருக்கிறாள். குறட்டை விடுவாரா என்று சிங்களத்தில் "கொரவனவாத?" என்று கேட்டாலும் விளங்கும். ஃபோனில் வீடியோவும் வைத்திருக்கிறேன்.