ஜன்னல் குழந்தைக்கு எட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியில் மழலையர் பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோருக்கு உங்கள் இதழ் தந்த யோசனைகளைப் படித்தேன். கட்டணம், வேன், கேமரா எல்லாம் இருந்தன; கட்டடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுமானப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வயதுக் குழந்தை ஏறத்தாழ 95 செ.மீ. உயரம் இருக்கும். நம் வீடுகளில் ஜன்னலின் அடிவிளிம்பு, நாங்கள் சில் லெவல் என்போமே, அது வழக்கமாகத் தரையிலிருந்து 90 செ.மீ. இங்கே பல பிளே ஸ்கூல்கள் குடியிருப்பு வீடுகளில்தான் நடக்கின்றன. தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மழை பெய்வதும் தெரியாது, காய்கறி வண்டி போவதும் தெரியாது. சுவரில் கார்ட்டூன் படங்கள் உண்டு, அதுவும் பெரியவர்கள் கண்மட்டத்தில். அந்தப் பெயிண்ட் அட்மிஷனுக்கு வரும் பெற்றோருக்காக அடித்தது.

கட்டடத்தையே கற்கும் கருவியாக்கும் 'பாலா' (BaLA - Building as Learning Aid) முறையை உருவாக்கியது இதே தில்லியின் வின்யாஸ் என்ற கட்டடக்கலை ஆய்வு மையம். கபீர் வாஜ்பேயி, பிரீத்தி வாஜ்பேயி என்ற கட்டடக் கலைஞர்களின் உழைப்பு. கதவு திறந்து மூடும் தரையில் கோணங்களை வரைந்துவிடுகிறார்கள். கதவை ஆட்டி விளையாடும் பிள்ளை கோணம் விரிவதைக் கண்ணால் பார்க்கிறது. ஜன்னல் கிரில்லில் வளைவு நெளிவுகள். விரலால் தடவித் தடவிக் கை எழுத்துக்குப் பழகிவிடும். கிரில் எப்படியும் போடத்தான் போகிறோம். வெல்டரிடம் வேறு டிசைன் கொடுத்தால் போதும். கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கிய ஊர்க்காரர்கள் நாம், இது நமக்குப் புரியாததா?

2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்துகிறது. ஆனால் தில்லியில் மே மாத வெயிலிலும் நவம்பர் புகைமூட்டத்திலும் குழந்தைகளை வெளியே விட முடியாது. அப்போது விளையாட்டுக்கு வகுப்பறைத் தரைதான் கதி. அதை மேசை நாற்காலிகளால் அடைத்து வைக்கலாமா? பாதியையாவது காலியாக விட்டு, பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுக்கலாம்.

பள்ளி நடத்தும் தமிழ் அமைப்புகள் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது, பூச்சு வேலைக்கு முன்பே இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும். ஜன்னலை 45 செ.மீ.க்கு இறக்கினால் உறுதியான கிரில் கட்டாயம்.

பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் வகுப்பறைத் தரையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது, கைக்கு எது எட்டுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொறியாளர்,
மயூர் விஹார், தில்லி