செட்டிநாட்டுப் பரண்களில் காந்தியடிகளின் தடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு மக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு காந்தி நினைவு நிதி அமைப்பினர் உருவாக்கி, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அண்மையில் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். சுடப்பட்ட அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த ஆடையின் முன்னே, வழியெல்லாம் சளசளத்து வந்த பிள்ளைகள் பேச்சற்று நின்றார்கள். அந்த நிலையத்தைப் பேணும் அறக்கட்டளைக்குத் செட்டிநாட்டு வீடுகளில் கிடக்கும் பழைய தாள்களைப் படியெடுத்துக் காப்பது குறித்து, தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன்.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டச் செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்தார். நகரத்தாராகிய எங்கள் வீடுகளை அடைத்துக்கொண்டிருந்த மேசை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, இதற்கான செலவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே இந்த மாளிகைகளை நானே அமைத்துத் தருவேன் என்ற பொருளில் பேசினார். நிதி கேட்டு வந்த இடத்தில் அப்படிப் பேச அவரால்தான் முடியும். சிராவயலில் ஆசிரமம் நடத்திவந்த இளைஞர் ஜீவாவை (பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தம்) அவர் சந்தித்ததும் அப்பயணத்தில்தான்.

அந்தக் காலத்துப் பேரேடுகள், கடிதங்கள், படங்கள் முற்றம் வைத்துக் கட்டிய வளவு வீடுகள் பலவற்றின் பெட்டகங்களிலும் பரண்களிலும் கிடக்கின்றன. பங்கு பிரித்து வீட்டை இடிக்கும்போது கதவும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போகின்றன. தாள்கள் எடைக்குப் போகின்றன. கதர் நிதிக்குக் கொடுத்த தொகையைப் பற்று எழுதியிருப்பதாக எங்கள் அப்பத்தா சொல்லிவந்த பேரேட்டையும், பிரித்துக்கூடப் பார்க்காமல், நாங்கள் அப்படித்தான் போட்டோம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் சிதறாமல் தப்பியதற்கு, அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையில் நூலகமாக்க முன்வந்ததே காரணம். வீட்டுத் தாள்களுக்கு அப்படி யாரும் வரவில்லை.

மூலத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் எங்கள் மக்கள் கொடுக்கமாட்டார்கள். பேரேட்டில் கொடுக்கல் வாங்கலும் சொத்து விவரமும் இருப்பதால், அந்தத் தயக்கத்தைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆகவே அறக்கட்டளையினர் நகலெடுக்கும் கருவியுடன் ஊருக்கே வந்து, காந்தியடிகள் தொடர்பான பக்கங்களை மட்டும் வீட்டார் முன்னிலையில் படியெடுத்து, மூலத்தை அங்கேயே விட்டுச் செல்லலாம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் இவ்வீடுகள் திருமணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும்தான் திறக்கப்படுகின்றன என்பதால், பங்காளிகள் கூடும் நாட்களை நகரத்தார் சங்கங்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து வருவது நல்லது. தங்குவதற்கு இடமும் சாப்பாடும் தர எங்கள் ஊரில் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி