ஜன்னல் கண்ணாடியில் உப்புக்கறை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜன்னல் துடைக்க எங்களைக் கூப்பிடுபவர்களில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு தேய்த்தாலும் இந்த வெள்ளைப் புள்ளிகள் போகமாட்டேன் என்கின்றன, கண்ணாடியையே மாற்றிவிடலாமா?" அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நிறையக் கறைகளை வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், ஒருநாள் உண்மையிலேயே மாற்ற வேண்டி வரும். அதனால்தான் இந்த மடலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அந்த வெள்ளைக் கறையின் பெரும்பகுதி சுண்ணாம்பு. கடினமான தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. இவற்றைக் கால்சியம் கார்பனேட்டாக (சுண்ணாம்பாக) மாற்றிக் கணக்கிட்டு, ஒரு லிட்டரில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது கடின நீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணாடியில் விழுந்த துளி காயும்போது தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறிவிடும், கால்சியம் கார்பனேட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாட்டர் ஹீட்டர் கம்பியில் ஏடு ஏடாகப் படிகிறதே, அதே பொருள்தான் இது. ஒரு கறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் வளையம் போட்டது போலவும் இருக்கும். துளியின் ஓரம் முதலில் காய்வதால், நடுவில் உள்ள தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. அந்த உப்புதான் அங்கே வளையமாக நின்றுவிடுகிறது.

இதற்குச் சோப்பு உதவாது. கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் இன்னொரு வெள்ளைப் படலம்தான் உண்டாகும்.

கறையை அப்படியே விட்டால் பாதிப்பு கண்ணாடிக்குள்ளேயே இறங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் ஏறக்குறைய 70 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். மீதியில் சோடாவும் சுண்ணாம்பும் முக்கியமானவை. ஈரம் ஒரே இடத்தில் தங்கினால் கண்ணாடியிலிருந்து சோடியத்தை மெல்ல வெளியே இழுக்கும். அப்போது அந்த ஈரத்துக்குக் காரத்தன்மை ஏறுகிறது. பிஹெச் அளவு 9-ஐத் தாண்டினால் சிலிக்காவே கரைய ஆரம்பிக்கும். மேலே படிந்திருக்கும் உப்பு ஏடு ஈரத்தைப் பிடித்துவைத்து இந்த அரிப்புக்குத் துணைபோகிறது. அரித்துப்போன இடத்தில் எடுப்பதற்குக் கறை என்று எதுவும் இருக்காது, கண்ணாடியின் மேற்பரப்புதான் குழிவிழுந்து மங்கிப்போயிருக்கும்.

ஆகவே, எதையும் பூசுவதற்கு முன்னால் உங்கள் கண்ணாடி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நகத்தால் மெல்ல வருடினால் நெருடுகிறதா? படிவம் மேலேதான் இருக்கிறது, நல்ல செய்தி. ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் சுண்ணாம்புதான், சந்தேகமே வேண்டாம். வினிகர் வைத்துக் கழுவிய பிறகு தடவினால் வழவழப்பாக இருந்தும் மங்கல் போகவில்லை என்றால், அது அரிப்பாகவோ சிலிக்காப் படிவமாகவோ இருக்கலாம். இரண்டையுமே வீட்டு வினிகரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் தெளித்தவுடன் கறை மறைவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். படிவமானாலும் அரிப்பானாலும் நனைந்தால் மறையும், காய்ந்தால் திரும்பிவரும்.

எடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் தூசியை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது, துணியில் மாட்டினால் நீங்கள் தேய்க்கத் தேய்க்கக் கீறிக்கொண்டே போகும். அப்புறம் வினிகர். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் ஸ்பிரே அடித்தால் வேலை செய்வதற்குள் வழிந்துவிடும். பலரும் "வினிகர் போட்டும் போகவில்லை" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். டிஷ்யூ தாளையோ மெல்லிய பருத்தித் துணியையோ வினிகரில் நனைத்துக் கறைமேல் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து அழுத்தினால் காயாமல் நிற்கும். 10, 15 நிமிடம் போதும். எடுத்துவிட்டுக் கீறாத ஸ்பாஞ்சால் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். போகவில்லையா, இன்னொரு முறை ஒட்டுங்கள். வேலையை அமிலம் செய்யட்டும், கைபலத்தைக் காட்டினால் கீறல்தான் மிஞ்சும். வினிகர் வாடை ஆகாதவர்கள் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து இதே முறையில் செய்யலாம். எங்களுக்கு இதுதான் அதிகம் பிடித்தது. வாடையே இல்லை, பழைய படிவத்திலும் நன்றாக வேலை செய்கிறது.

வெயில் படும் நேரத்தில் இதைச் செய்யவேண்டாம். கீழே ஜன்னல் திண்டு பளிங்குக் கல்லாகவோ மொசைக்காகவோ சிமென்டாகவோ இருந்தால், ஒரு தடித்த துண்டைப் போட்டுவையுங்கள். கறையும் சுண்ணாம்பு, பளிங்கும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அலுமினியச் சட்டத்தில் வழிந்ததையும் உடனே கழுவிவிடுங்கள்.

பிளேடு வைத்துச் சுரண்டலாமா என்று கேட்கிறீர்கள். டஃபன்டு கண்ணாடியில், அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடியில், நாங்கள் பிளேடு வைப்பதில்லை. உலையில் பதப்படுத்தும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் மேற்பரப்பில் ஒட்டிப்போயிருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் நீளமான கீறல் விழும். பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி என்றால், 0000 என்று குறிக்கப்படும் மிக மெல்லிய ஸ்டீல் நாரை நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். வெளிச்சத்தைத் திருப்பும் பூச்சோ ஃபிலிமோ இருக்கும் பக்கத்தில் மெல்லிய துணியைத் தவிர எதுவும் வேண்டாம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கண்ணாடிக்குக் கொண்டுவராதீர்கள். கண்ணாடி தாங்கினாலும் அதன் புகை அலுமினியத்தையும் கீல்களையும் தின்றுவிடும். கறையைச் சீக்கிரம் நீக்கும் சில தொழில்முறை மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். அது தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்து ஆழமான புண்ணாகிவிடும், எலும்புவரை பாதிக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஜன்னலில் பயன்படுத்தவும் கூடாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் ஆபத்து இல்லை, ஆனால் பயனும் இல்லை. நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும்.

இனி, கறை வராமல் பார்த்துக்கொள்வது. கண்ணாடியில் தண்ணீர் தானாகக் காயக்கூடாது, அவ்வளவுதான். கழுவி முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் தங்கும் ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கிடைத்தால் போதும், மொத்தமும் அதில் கழுவத் தேவையில்லை. காய்கிற கடைசித் தண்ணீரில் உப்பு இல்லையென்றால் புள்ளியும் வராது.

கறை ஒரே ஜன்னலில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மாடித் தொட்டி நிரம்பி வழியலாம், மேல் பால்கனித் தொட்டிச் செடிக்கு ஊற்றியது சொட்டலாம், தோட்டத்துத் தெளிப்பான் சுழலும்போது கண்ணாடியை ஒரு பக்கம் நனைக்கலாம். அதைச் சரிசெய்யாமல் நாங்கள் எத்தனை முறை வந்து துடைத்தாலும் உங்கள் பணம்தான் வீண்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்திருப்பவர்கள் "இன்னும் புள்ளி வருகிறதே" என்று கவலைப்படவேண்டாம். அந்தக் கருவி கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது, உப்பை முழுதாக எடுப்பதில்லை. ஆனால் இந்தப் புள்ளி ஈரத்துணிக்கே போய்விடும். தண்ணீர் ஒட்டாத பூச்சைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்லதுதான், துளிகள் சீக்கிரம் உருண்டு இறங்கும். இருந்தாலும் இறங்காமல் நின்ற துளி காய்ந்தால் அங்கேயும் புள்ளி விழும், ஆகவே வைப்பரைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். கறை முழுவதும் போன பிறகுதான் பூச்சு போடவேண்டும்.

வீட்டில் சிமென்ட் பூச்சு வேலையோ சன்ஷேடு வேலையோ நடந்தால் ஜன்னல்களை முதலிலேயே பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். ஈரச் சிமென்டிலிருந்து வழியும் தண்ணீர் கடும் காரம், கண்ணாடியை வேகமாக அரிக்கும். தெறித்துவிட்டால் காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காய்ந்த சிமென்டைத் தேய்த்தால் அதிலுள்ள மணல் கீறிவிடும்.

வினிகருக்கு மசியாத மங்கலுக்கு நாங்கள் சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் பொடி போட்டு ஈரப் பஞ்சுத் தட்டால் பாலிஷ் செய்கிறோம். நேரம் பிடிக்கும் வேலை இது. ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறிக் கண்ணாடியில் விரிசல் விழலாம், வெளிக்காட்சியும் நெளிந்து தெரியும். ஆழமாக அரித்த கண்ணாடியைப் பாலிஷ் செய்வதைவிட மாற்றுவதே மேல் என்றால் அதை வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவோம்.

எங்களைக் கூப்பிடுவதற்கு முன், கறையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கண்ணாடி டஃபன்டா, பூச்சு உள்ளதா, இதுவரை என்னென்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் எங்களுக்கு மிக முக்கியம். என்ன போட்டிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிப் பராமரிப்புக் குழுவினர்