குந்தி எழவும் சொல்லித் தாருங்கள்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் மூத்தோர் உடற்பயிற்சி நடக்கிறது. கை வீசுகிறோம், குனிந்து கால்விரலைத் தொடுகிறோம். குந்தி எழுவது மட்டும் இல்லை. எனக்கு அது பெருங்குறையாகப் படுகிறது. பயிற்றுநர்கள் அதையும் சேர்க்க வேண்டும்.

10 கிலோ அரிசி மூட்டையை முதுகை வளைத்துத் தூக்கினால் பாரமெல்லாம் கீழ்முதுகில் விழும். உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கி எழுந்தால் தொடையும் பிட்டமும் சுமக்கும். தாதிப் பயிற்சியில் நோயாளியைத் தூக்க எனக்குக் கற்றுத்தந்ததும் இதுதான். ஆனால் விழுந்த சாவி போன்ற லேசான பொருளைக் குனிந்து எடுப்பதில் தவறே இல்லை.

சிலோன் ரோடு செண்பக விநாயகர் முன் போடும் தோப்புக்கரணமும் குந்துப் பயிற்சிதானே! முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். கையை ஊன்றாமல் எழப் பழகினால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற தாதி,
தோ பாயோ